மச்சான் போன ஊர்கள்

ஃபோர்ட் கொச்சி
14 ஜூலை 2024

அன்பு அக்கா மகிழினிக்கு, ஜெய்பீம்.

நான் நல்லா இருக்கேன். உன் முதுகு வலி எப்படி இருக்கு? சினேகாவுக்கு அம்மைத் தழும்பு மறைஞ்சிடுச்சா?

போன் பண்ணா எடுக்க மாட்டேங்கற. "லெட்டர் போடு"ன்னு ஒரே ஒரு மெசேஜ். இந்தக் காலத்துல யாருக்கா லெட்டர் எழுதறாங்க? போஸ்ட் ஆபீஸ் எங்கன்னு கேட்டா லாட்ஜ்காரர் என்னை ஒரு மாதிரி பாக்கறாரு. பரவால்ல. உனக்கு எது சுலபமோ அதுவே.

மச்சானை மூலக்கொத்தளம் மயானத்துல புதைச்ச மண்ணு காயறதுக்குள்ள நான் கிளம்பிட்டேன்னு உனக்குக் கோவம் இருக்கலாம். இந்தக் கண்காட்சி போன வருஷமே ஒத்துக்கினது. கல்யாண ஆர்டர், கம்பெனி விளம்பரம்னு அடுத்தவங்களுக்குப் படம் எடுத்தே பொழைக்கறவன் நான். என் படத்தை நானே சுவத்துல மாட்டி, பக்கத்துல நிக்கறது இதான் முதல் தடவை. மச்சான்தான் போடா போடான்னு சொல்லிக்கினே இருந்தாரு, உனக்கே தெரியும்.

கண்காட்சிக்கு "வடக்குக் கரை"ன்னு பேரு வெச்சிருக்கேன். காசிமேட்டு லாஞ்சுங்க, எண்ணூர் ஆத்துல கையாலேயே இறால் தடவிப் புடிக்கற பொம்பளைங்க, வள்ளூர் கரண்ட் கம்பெனி சாம்பல் மேடு எல்லாம் இருக்கு.

மச்சான் படமும் ஒண்ணு இருக்கு. குழாயடியில மூஞ்சி கழுவிக்கினே சிரிப்பாரே, அது. உள்ள நுழைஞ்சதும் எதிர்ச் சுவத்துல ஆள் உயரத்துக்குப் போட்டிருக்காங்க. போன வாரம் பேப்பர்லயும் அதைத்தான் போட்டாங்களாம். உனக்கு வேணாம்னா ஒரு வார்த்தை சொல்லுக்கா, எடுத்துடறேன்.

உடம்பைப் பாத்துக்கோ. சினேகாவுக்கு ஒரு முத்தம்.

உன் தம்பி,
எழிலன்


வியாசர்பாடி
2 ஆகஸ்ட் 2024

அன்புத் தம்பி எழிலனுக்கு அக்கா எழுதிக்கறது. ஜெய்பீம்.

நானும் கொயந்தையும் சொகமாதான் கீறோம். உனக்கு அந்த ஊரு தண்ணி ஒத்துக்கிச்சா? இருமல் வந்தா டீயே குடிச்சிக்கினு கெடக்காத, டாக்டர்கிட்ட போ. டோல்கேட்டாண்ட ஒரு துணிக்கடையில வேலைக்கு சேந்துட்டேன். நாள் பூரா நிக்கணும். முதுகு அப்டியேதான் கீது.

போன் வேணாம் தம்பி. பேசுனா அழுதுட்றேன். லெட்டரே போடு.

படத்த எடுக்காத. அங்கியே இருக்கட்டும். பேப்பர்ல வந்தத பக்கத்து வூட்டு ரஹீமுன்னிசா எடுத்தாந்து குடுத்துச்சு. நானும் சினேகாவும் பாத்தோம். அத்த வெட்டி அவ தலகாணி அடியில வெச்சிகினு கீறா.

ஒண்ணே ஒண்ணு, கோவிச்சிக்காத. இனிமே எழுதறப்போ நல்லதா எழுது. பொதச்சது, அழுதது எதுவும் வேணாம். உன் லெட்டர அவளுக்கு படிச்சி காட்டணும், அதான். அந்த ஊருக் கடலு எப்டி கீது, இன்னா சாப்ட்ட, ரயில்ல ஜன்னலோரம் கெடச்சுதா, அதெல்லாம் எழுது. அவரு படத்த யாரு யாரு வந்து பாக்கறாங்க, பாத்துட்டு இன்னா சொல்றாங்கன்னு நெறைய எழுது.

வேளாவேளைக்கு சாப்புடு.

அக்கா


ஃபோர்ட் கொச்சி
19 ஆகஸ்ட் 2024

அன்பு அக்காவுக்கு, ஜெய்பீம்.

நலம். இருமல் இல்ல. நீ நிக்கற வேலைக்குப் போறது எனக்குக் கஷ்டமா இருக்கு. நடுநடுவுல உக்கார விடறாங்களா?

நீ கேட்ட மாதிரியே எழுதறேன். ரயில்ல ஜன்னலோரம் கிடைச்சுது. பாலக்காடு தாண்டினதும் மழை. ஷட்டரை இறக்கவே இல்ல, சட்டையெல்லாம் நனைஞ்சுடுச்சு. இங்க கடல் நம்ம கடல் மாதிரி கத்தாது. பெரிய பெரிய வலையை மூங்கில்ல கட்டி, தண்ணிக்குள்ள இறக்கி ஏத்தறாங்க. தினம் புட்டும் கடலையும். மீன் குழம்புல புளிக்குப் பதிலா வேற என்னமோ போடறாங்க. உன் குழம்பு கிட்ட நிக்காது.

மச்சான் படத்துக்கு முன்னாடிதான் கூட்டம். அந்தக் கதையை சினேகாவுக்குச் சொல்லு. அன்னிக்கு ஷிப்ட் முடிஞ்சு மூஞ்சியெல்லாம் சாம்பலோட வந்தாரு. "லைட் நல்லா இருக்கு, நில்லுங்க மச்சான்"னேன். "டேய், மூஞ்சி கலீஜா கீது. கழுவிக்கினு வரேன், அப்பால ஹீரோ மாறி எடு"ன்னாரு. கழுவறப்பவே எடுத்துட்டேன். "ஏமாத்திட்டியேடா"ன்னு ரெண்டு கையாலயும் தண்ணியை வாரி என் மேல அடிச்சாரு. லென்ஸெல்லாம் தண்ணி. அவரு சிரிச்ச சிரிப்புல தெரு நாயி எழுந்து ஓடுச்சு.

வலை இழுக்கறவரு ஒருத்தர் மூணு தடவை வந்துட்டாரு. நேத்து என் தோளைத் தொட்டு, "இந்த ஆளு இப்ப எங்க?"ன்னு கேட்டாரு. ஊர்ல இருக்காருன்னு சொன்னேன்க்கா. வேற எதுவும் வாயில வரல.

இது முடிஞ்சு கல்கத்தா. நடுவுல ஒரு வாரம் சும்மாதான். வீட்டுக்கு வரேன். சினேகாவைப் பாத்து எவ்ளோ நாள் ஆச்சு!

அன்புடன்,
எழிலன்


வியாசர்பாடி
3 செப்டம்பர் 2024

அன்புத் தம்பிக்கு, ஜெய்பீம்.

நாங்க நல்லா கீறோம். நீ நல்லா கீறியா? லெட்டரு வந்துச்சு. உன்மேல தண்ணிய வாரி அடிச்ச கதைய அவ நாலு தபா படிக்க சொன்னா.

இப்ப வராத தம்பி. வூட்டுக்கு வெள்ளையடிக்கலாம்னு கீறேன், சாமானெல்லாம் தாறுமாறா கெடக்கு. சினேகா வேற எதிர் பிளாக் பையனாண்ட சண்ட போட்டு அவன் கைய கடிச்சி வெச்சிட்டா. அவங்க அம்மாகிட்ட போயி பேசணும். ஒரே பேஜாரு. நீ நேரா கல்கத்தாக்கே போய்டு. பொறவு பாத்துக்கலாம்.

அங்க ஊருப் படம் போட்ட போஸ்ட் கார்டு விப்பாங்க இல்ல? பாலம், ட்ராம் வண்டி அந்த மாறி. அஞ்சாறு வாங்கி கவர்ல போட்டு அனுப்பு. பின்னாடி எதுவும் எழுதாத. காலியாவே அனுப்பு.

உடம்ப பாத்துக்க.

அக்கா


கல்கத்தா
10 அக்டோபர் 2024

அன்பு அக்காவுக்கு, ஜெய்பீம்.

உடம்பு பரவால்ல. நீயும் சினேகாவும் சுகந்தானே?

கார்டுங்களை இதுலயே வெச்சிருக்கேன். ஹவுரா பாலம், ட்ராம், பூ மார்க்கெட். எதுக்குக் காலியா கேட்டன்னு தெரியல. கேக்கவும் இல்ல.

ஆனா ஒண்ணு கேக்காம இருக்க முடியல. வெள்ளையடிக்கறதுக்கும் நான் வர்றதுக்கும் என்னக்கா சம்பந்தம்? போன தடவை வெள்ளையடிச்சதே நானும் மச்சானும்தானே? என்னைப் பாத்தா உனக்கு அவரு ஞாபகம் வருதா? அதுக்காகத்தான் வர வேணாங்கறியா? அப்படின்னா சொல்லிடு, தாங்கிக்கறேன். ஒண்ணும் சொல்லாம தள்ளி நிறுத்தறதைத்தான் தாங்க முடியல.

இங்க எல்லாரும் அடுத்து என்ன எடுக்கப் போறீங்கன்னு கேக்கறாங்க. அவரு போனதுல இருந்து நான் காமிராவை பையில இருந்து வெளியவே எடுக்கல. காலையில பூ மார்க்கெட்டுக்குப் போனேன். மஞ்ச சாமந்தி மூட்டையைத் தலையில வெச்சிகினு ஆளுங்க வெயில்ல வராங்க. எப்பேர்ப்பட்ட படம்! பாத்துட்டு வந்துட்டேன். நான் எடுக்க ஆரம்பிச்சதுல இருந்து எங்க போனாலும் பைக்ல கொண்டு போய் இறக்கி, பின்னாடி நின்னு "அத்த எடு, இத்த எடு"ன்னு சொன்னவரு அவருதானே?

நல்லதா எழுதச் சொன்ன. மன்னிச்சுக்கோ. இதை அவளுக்குப் படிக்காத.

உன் தம்பி


வியாசர்பாடி
18 நவம்பர்

மாமா, ஜெய்பீம். நான் சினேகா. நான் நல்லா கீறேன். நீயும் அப்பாவும் நல்லா கீறீங்களா.

அம்மாக்கு தெரியாம எழுதறேன். பக்கத்து வூட்டு ரஹீமா ஆன்ட்டி உன் அட்ரஸ் எழுதி குடுத்தாங்க. ஸ்டாம்ப் அவங்களே ஒட்னாங்க.

டிசம்பர் 20 எங்க ஸ்கூல் ஆண்டு விழா. நான் டான்ஸ். முன்னாடி வரிசை. அப்பாவை கூட்டிக்கினு வா. நீங்க படம் காட்றது முடியலன்னா அப்பாவ மட்டும் அனுப்பு. ரெண்டு நாள் மட்டும். அப்பறம் திரும்பி அனுப்பிட்றோம்.

அப்பா போட்ட கார்டு எல்லாம் வந்துச்சு. பாலம் சூப்பர். அப்பா கையெழுத்து இப்ப அழகா மாறிப்போச்சுன்னு அப்பாகிட்ட சொல்லு. அங்க டவர் இல்லன்னு அம்மா சொன்னாங்க. டவர் கிடைச்சா பேச சொல்லு.

சினேகா
ரெண்டாம் வகுப்பு


கல்கத்தா
27 நவம்பர் 2024

அக்கா,

சினேகாகிட்ட இருந்து லெட்டர் வந்துச்சு.

என்னக்கா சொல்லி வெச்சிருக்க அந்தக் குழந்தைகிட்ட?

நான் மத்தியானத்துல இருந்து அதையே கையில வெச்சிகினு உக்காந்திருக்கேன். கோவமா வருது. உன்னை அங்க தனியா விட்டுட்டு வந்தவன் நான், என்ன உரிமையில கோவப்படறதுன்னும் தெரியல. ரெண்டு நாள் கழிச்சுத் திருப்பி அனுப்பிடறோம்னு எழுதியிருக்காக்கா. திருப்பி அனுப்பிடறோமாம்.

எனக்குப் பதில் எழுது. வெள்ளையடிக்கறேன்னு எழுதாத.

எழிலன்


வியாசர்பாடி
4 டிசம்பர் 2024

அன்புத் தம்பிக்கு,

நீ சாப்பிட்டியா, தூங்குனியான்னு கேக்கக் கூட எனக்கு மூஞ்சி இல்ல. இருந்தாலும் கேக்கறேன்.

அன்னிக்கு கம்பெனியில டேங்க் கழுவ எறங்குனவரு பொணமா வந்தப்போ சினேகா திருவொத்தியூர்ல அவ அத்த கன்னியம்மா வூட்ல கெடந்தா, உனக்கு தெரியும். ஒடம்பு பூரா அம்மை. கொண்டாந்து காட்ட வேணாம்னு எல்லாரும் சொன்னாங்க. நானும் சரின்னேன். தலைக்குத் தண்ணி ஊத்தி இட்டுக்கினு வந்தப்போ நீயும் கெளம்பிட்ட. சொல்லலாம் சொல்லலாம்னு நான் வாயத் தொறக்கறதுக்குள்ள அந்த பேப்பர் வந்துச்சு.

அவரு படத்த பாத்துட்டு, "அப்பா மாமாகூட கொச்சிக்கு போய்க்கீறாராம்மா?"ன்னா. அவ மூஞ்சில அம்மத் தழும்பு இன்னும் மறையல. அப்டி ஒரு சிரிப்பு. "ஆமா"ன்னு வந்துட்டுது தம்பி. நான் நெனச்சி சொல்லல. வாயில வந்துட்டுது. நாளைக்கு மாத்தி சொல்லிக்கலாம்னு படுத்தேன். மறுநாளே அவ ஸ்கூல்ல போயி எங்கப்பா பேப்பர்ல வந்துட்டாருன்னு சொல்லிட்டா. மிஸ் கூப்ட்டு கேட்டாங்க. மிஸ்ஸாண்டயும் கெஞ்சுனேன். பிளாக்ல எல்லார் வாயயும் அடச்சேன். எதிர் பிளாக் பையன் மட்டும் நெஜத்த சொல்லிட்டான். அவனத்தான் கடிச்சா.

போன் அடிச்சா அவதான் மொத ஓடுவா, அப்பாகிட்ட குடு அப்பாகிட்ட குடுன்னுவா. அதுக்குத்தான் லெட்டரு போட சொன்னேன். உன் லெட்டர்ல நீ பாத்த கடல, நீ தின்ன புட்டு, உன்மேல அடிச்ச மழைய எல்லாம் அவருக்கு நடந்ததா மாத்தி அவளுக்கு படிச்சேன். படிக்க படிக்க எனக்கே, அவரு அங்க ஜன்னலோரம் நனஞ்சிகினு போற மாறி இருந்துச்சு. அவ தூங்குனப்பறம் நானே எடுத்து திரும்ப படிப்பேன். கார்டுல எழுதுனதும் நான்தான். மொதல்ல அவரு கையெழுத்து மாறி கோணலா போட்டு பாத்தேன், வரல. "கண்ணு, அப்பா நல்லா கீறேன், நீ ஒயுங்கா படி"ன்னு எழுதறதுக்குள்ள ரெண்டு கார்டு நனஞ்சி வீணாச்சு.

நீ தனியா வந்து நின்னா எல்லாம் முடிஞ்சிடும். அதான் வராதன்னேன். உன்ன பாக்கக் கூடாதுன்னு இல்லடா.

ரஹீமுன்னிசா வேணும்னேதான் அட்ரஸ் எழுதி குடுத்துச்சாம். "எத்தினி நாளு மறைப்ப மகி"ன்னு கேட்டுச்சு.

நீ வா. விழாக்கு முந்தியே வா. நான்தான் சொல்லணும், நானே சொல்றேன். நீ பக்கத்துல மட்டும் நில்லு.

அக்கா


பெங்களூர்
8 ஜனவரி 2025

அன்பு அக்காவுக்கு, ஜெய்பீம்.

நான் இங்க வந்து சேந்து ரெண்டு வாரத்துக்கு மேல ஆச்சு, இப்பதான் எழுத முடிஞ்சுது. நீ சாப்பிடறியா? அவ சாப்பிடறாளா?

நீ கடையில இருந்து வர்றதுக்கு முன்னாடி நடந்ததை உன்கிட்ட சொல்லவே இல்ல. அங்க இருந்தப்போ முடியல. இப்ப எழுதிடறேன்.

நான் வந்தப்போ அவ மூணாவது மாடிப் படியில உக்காந்திருந்தா. என்னைப் பாத்ததும் "மாமா"ன்னு கத்திக்கினே எழுந்து ஓடி வந்தா. தூக்கலாம்னு குனிஞ்சேன். என்னைத் தாண்டி கீழ போய்ட்டா அக்கா. ஒவ்வொரு மாடியா எட்டிப் பாத்து "அப்பா, அப்பா"ன்னு கூப்டுக்கினே போறா. கீழ ரோடு வரைக்கும் போய்ட்டு மூச்சு வாங்க மேல வந்து, "அப்பா டீக்கடையில கீறாரா?"ன்னு கேட்டா. "அம்மா வரட்டும் கண்ணு"ன்னேன். அவளுக்கு அது போதுமா இருந்துச்சு. உள்ள போய் பீரோவுல இருந்து அவரு லுங்கியை எடுத்து, உதறி மடிச்சு, கட்டில் மேல வெச்சிட்டு வந்து என் பக்கத்துல உக்காந்துகினா. நீ வர்ற வரைக்கும் ரெண்டு பேரும் வாசலையே பாத்துகினு இருந்தோம்.

நீ சொன்னப்போ அவ அழல. உன்னையும் பாக்கல. என்னையே பாத்தா. "இல்ல, மாமாதான் எங்கியோ தொலைச்சிட்டு வந்துட்டாரு"ன்னா. அதுக்கப்புறம் நான் இருந்த வரைக்கும் என்கிட்ட ஒரு வார்த்தை பேசல. அதான் விழா முடிஞ்ச அன்னிக்கே கிளம்பிட்டேன். என் மூஞ்சி அவளுக்கு வேணாம்னு பட்டுச்சு.

இங்க பதினைஞ்சாம் தேதி கண்காட்சி. மச்சான் படத்தை நான் மாட்டல. நடத்தறவங்க சண்டைக்கு வராங்க. அந்தச் சுவரு காலியா கிடக்கு. கிடக்கட்டும்.

எழிலன்


வியாசர்பாடி
25 ஜனவரி 2025

அன்புத் தம்பிக்கு, ஜெய்பீம்.

சாப்புடறோம். நீயும் ஒயுங்கா சாப்புடு. அங்க குளிரு ஜாஸ்தியாமே, காது மூடிக்கினு போ.

பொங்கலன்னிக்கு அவள மூலக்கொத்தளத்துக்கு இட்டுக்கினு போனேன். அப்பா தலை எந்தப் பக்கம்னு கேட்டா. காட்டுனேன். தலமாட்டுல உக்காந்து, மண்ணுல மொளச்சிருந்த புல்ல ஒண்ணொண்ணா புடுங்கி சுத்தம் பண்ணா. நான் கூட புடுங்க போனேன், வேணாம்னு என் கைய தட்டி விட்டுட்டா. வர்ற வழியில பஸ்ல என் மடியில தலைய வெச்சிக்கினு அழ ஆரம்பிச்சா. வூடு வந்தும் நிக்கல. நான் நிறுத்தவும் இல்ல.

நீ அந்தப் படத்த மாட்டு. பட்ட பாடு போதும், இனிமே ஒளிக்க வேணாம். ஆனா படத்துக்கு கீழ ஊரு பேரோட நிறுத்திடாத. செங்குட்டுவன், காண்ட்ராக்ட் தொழிலாளி, டேங்க் கழுவ எறங்கி வெஷக் காத்துல செத்துட்டாருன்னு எழுது. எறந்த தேதியும் போடு. எங்க கீறாருன்னு எவனாச்சும் கேட்டா வாயத் தொறந்து சொல்லு. கொச்சியில ஊர்ல கீறாருன்னு சொன்ன பாரு, அத்த படிச்சப்போ நீயும் என்ன மாறியேதான்னு நெனச்சேன்.

சினேகா உன் பேச்ச எடுத்தா எழுந்து போய்டறா. நேரம் குடு.

அக்கா


வியாசர்பாடி
9 மார்ச்

மாமா, ஜெய்பீம். நான் சினேகா. நான் நல்லா கீறேன். நீ நல்லா கீறியா. அம்மாக்கு முதுகு வலி கீது, மருந்து தேச்சு விட்டேன்.

இது அம்மாக்கு தெரிஞ்சிதான் எழுதறேன். ஆனா படிக்கக் கூடாதுன்னு சொல்ட்டேன். படிக்கல.

அம்மாகிட்ட கேட்டா அழுவாங்க. அதனால உன்கிட்ட கேக்கறேன். அப்பாக்கு வலிச்சிதா?

நெஜத்தை எழுது.

சினேகா


பெங்களூர்
17 மார்ச் 2025

அன்பு சினேகாவுக்கு மாமா எழுதறது. ஜெய்பீம்.

உன் லெட்டர் வந்துச்சு. நான் நல்லா இருக்கேன். அம்மாவுக்கு மருந்து தேச்சு விட்டது ரொம்ப நல்லது.

நீ கேட்டது எனக்குத் தெரியாது கண்ணு. அன்னிக்கு நான் அங்க இல்ல. அதனால அப்பாகூட வேலை செஞ்ச சின்னப்பையன்னு ஒரு அண்ணன்கிட்ட போன் பண்ணிக் கேட்டேன். அவரு டேங்க் வாய்கிட்ட நின்னவரு. அவரு சொன்னதை அப்படியே எழுதறேன்.

அப்பா ஏணியில இறங்கினாரு. உள்ள கெட்ட காத்து இருந்துச்சு, அது யாருக்கும் தெரியல. இருமினாரு. சின்னப்பையன் அண்ணன் காலை உள்ள வெச்சாரு. "எறங்காத, எறங்காத"ன்னு அப்பா கத்தினாரு. திரும்பியும் இருமினாரு. அப்புறம் சத்தம் வரல. மேல தூக்கினப்போ மூச்சு இல்ல.

வலிச்சிருக்கும் கண்ணு. நெஞ்சு எரிஞ்சிருக்கும், பயமா இருந்திருக்கும். ரொம்ப நேரம் இல்லன்னு சின்னப்பையன் அண்ணன் சொல்றாரு. அதுக்கு மேல அவருக்கும் தெரியல, எனக்கும் தெரியல. தெரியாததை நான் எழுதல.

இதைப் படிச்சிட்டு அழுகை வந்தா அம்மாகிட்ட போ. அம்மா அழுவாங்கன்னு பயப்படாத. ரெண்டு பேரும் சேந்து அழுங்க.

என் மேல கோவம் இருந்தா இருக்கட்டும். பேசலன்னாலும் பரவால்ல, நான் ஒரு ஓரமா உக்காந்திருப்பேன். சனிக்கிழமை சாயந்தரம் வீட்டுக்கு வரேன்.

நான் தனியாத்தான் வரேன் கண்ணு.

உன் மாமா,
எழிலன்